புதுத் தலைவரும் திறக்க முடியாத போனும்

செல்போன் சர்வீஸ் சென்டரில் உட்காருகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: போனைச் செய்தவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால், எல்லாரும் நம் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மேலே விளக்கவே வேண்டாம்.

செங்கம் ரோட்டில் எங்கள் கடை. கவுன்ட்டரில் நான், உள்ளே மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போனைத் திறந்து வைத்துக்கொண்டு ஷபானா. போன் செய்யும் எங்கள் கம்பெனிக்குப் புதுத் தலைவர் வந்தார். வந்த வாரமே அறிவித்துவிட்டார்: இனி வரும் போன்கள் திறக்கவே முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும், வாயால் சொன்னால் எல்லா வேலையும் செய்யும், பழுதானால் பெங்களூருக்குக் கூரியர். எங்களைப் போன்ற சின்ன ஊர் கவுன்ட்டர்களை மூடுவதா வேண்டாமா என்று மூன்று மாதத்தில் முடிவாம். அதற்குள் வாடிக்கையாளர் கருத்துகளை, அவர்கள் சொன்னது சொன்னபடி, எழுதி அனுப்பவேண்டும். அப்படியே அனுப்பினேன்.

படத்துக்கு மாலை

முதலில் வந்தது தலைவரின் படம், பெரிய பிரேம் போட்டு. சுவரில் மாட்டினோம். கடை பெருக்கும் குப்பம்மாக்கா வெள்ளிக்கிழமை வந்து பார்த்தார். பிரேம் போட்டு மாட்டினால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? சம்பங்கி மாலை போட்டு, குங்குமம் வைத்து, ரெண்டு ஊதுவத்தியும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். நான் வருவதற்குள் கடை முழுக்க வாசனை.

கழற்ற ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தபோது மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரென்று கேட்டார். கம்பெனிக்குப் புதுசா வந்த தலைவர் என்றேன். "அய்யய்யோ, இப்பதானே வந்தாரு, அதுக்குள்ளயா?"

மௌன விரதம்

பேசும் போனின் மாதிரி ஒன்று வந்தது; வருகிறவர்களுக்கெல்லாம் அதை இயக்கிக் காட்டவேண்டும் என்று உத்தரவு. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் பல வருஷமாக இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் சார்ஜர் பின் உடைந்து வந்தார். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவரைப் பிடித்து உட்காரவைத்து, "இதுகிட்ட ஏதாவது சொல்லுங்க சார்" என்றேன். சிரித்தார். "சும்மா சொல்லுங்க சார்" என்றேன் மறுபடியும். போனும் தன் பங்குக்கு, கேட்கிறேன், சொல்லுங்கள் என்றது. நாங்கள் இருவருமாகச் சேர்ந்து அந்த மனிதரைக் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். "மௌன விரதம். இந்த போன் பேசினால் பரவாயில்லை. நான்தான் பேசவேண்டும் என்றால் அடுத்த வருஷம் வருகிறேன்."

சேற்றில் விழுந்தது

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் நாற்றங்கால் சேற்றில் விழுந்த போனை ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஷபானா திறந்து, கழுவி, காயவைத்து, ஒரு மணி நேரத்தில் உயிர் கொடுத்தாள். உயிர் வந்ததும் வராததுமாக அது அடித்தது. போனோடு இணைத்திருந்த அவருடைய பம்ப்செட் மோட்டார்தான், கரண்ட் வந்துவிட்டது என்று கூப்பிடுகிறது. கவுன்ட்டரில் நின்றபடியே பட்டனை அழுத்தி மோட்டாரைப் போட்டுவிட்டு, மூச்சு விட்டார்.

புது போன் பெங்களூருக்குப் போய்த்தான் சரியாகும் என்றேன். எத்தனை நாள் என்றார். பத்து நாள் என்றேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். "பத்து நாளு தண்ணி பாச்சலன்னா பயிரு என்னாவும்? உங்க தலைவருக்கு நெலம் கிலம் இருக்குதா இல்லியானு கேட்டு சொல்லும்மா."

மேனேஜரின் போன்

கருத்துகள் போய்ச் சேர்ந்த மறுநாள் ஏரியா மேனேஜர் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். என்னைக்கூட விடுங்கள், ஷபானா இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வீட்டில் எவ்வளவு போராடினாள் என்று எனக்குத் தெரியும். என் நேர்மையால் அவள் பிழைப்பில் மண் விழுந்துவிடுமோ என்று பயந்தே போனேன். அவர் ஒன்றும் கத்தவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார்: "மேடம், நான் கருத்துதான் கேட்டேன். நீங்க பஞ்சாயத்தையே கூட்டி அனுப்பியிருக்கீங்க."

திருகாணி

மூன்றாம் மாதம் தலைவர் வீடியோவில் வந்தார். ஊர் ஊராக வந்த கருத்துகளைப் படித்தேன் என்றார். எங்களுடையதைப் படித்தாரா, தெரியாது. அடுத்த மாடலின் பின்மூடியில் நான்கு திருகாணிகள் இருக்கும், ரிப்பேர் கவுன்ட்டர்கள் எல்லா ஊரிலும் தொடரும் என்றார். நான் கவுன்ட்டர் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் இறங்கியது.

கூட உட்கார்ந்து பார்த்த ஷபானா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று பின்னாலேயே போனேன். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு எழுதிய விண்ணப்பம். "நாளைக்கு குடுக்கலாம்னு இருந்தேன்க்கா. உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னுதான் தெர்ல."

ஒரு பெரிய கம்பெனி எந்தத் திசையில் போகவேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் எங்கள் இருவர் வீட்டு அடுப்பும் நான்கு திருகாணியில் நிற்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.