நாற்பது படி புழுங்கல்

“...சம்பளம் போக, மாசம் பொறந்தா நாப்பது படி புழுங்கலரிசி ஆபீசுலயே அளந்து போட்டுர்றாங்க எங்க மாப்பிள்ளைக்கு,” என்று என் மாமனார், ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த காரைக்குடிக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழும்பூர் ஸ்டேஷன். வண்டி புறப்பட இன்னும் சில நிமிஷம். நான் பிளாட்பாரத்தில், பெட்டி வாசலை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது பொய். அந்தப் பொய்க்குச் சொந்தக்காரன் நான்!

எந்த ஆபீசும் எனக்கு ஒரு பிடி அரிசி அளந்து போட்டதில்லை. இத்தனை வருஷமாக என் மனைவியைத் தவிர இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் இலுப்பூர்ப் பக்கத்தவராக இருந்தால், தயவுசெய்து இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுங்கள்.

நான் திருக்கோகர்ணத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், பொட்டலம் கட்டிவந்த காகிதத்தில் படித்தது அதிகம். எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானம் மதராஸோடு இணைந்தபின் ஊரில் குமாஸ்தா வேலைகள் குறைந்தன. நானும் மதராஸுக்கு ரயிலேறி, கோட்டைப் பக்கம் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுத உட்கார்ந்தேன். அதற்கு மறுவருஷம் இலுப்பூரில் பெண் பார்க்கப் போனோம்.

பெண்ணின் தகப்பனார் நெல்லும் கடலையும் போடுகிற சம்சாரி. கூடத்தில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“மாப்பிள்ளைக்குச் சம்பளம் எப்படி?”

“கை நிறைய வாங்குறாருங்க,” என்றார் என் சித்தப்பா.

“கை நிறையன்னா? அம்மன் காசு கூடத்தான் கை நிறைய வரும்.”

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் சமஸ்தானத்துச் செப்புக் காசு அது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஒரு கை நிறைய அள்ளினாலும் ஒரு ரூபாய்க்குக் காணாது.

“எழுபது ரூபாய்ங்க,” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “எழுபதா... இங்கிட்டுன்னா ராஜா மாதிரி இருக்கலாம். மதராஸ்ல? எங்க பங்காளி ஒருத்தன் எம்பதுக்குப் போனான். ஆறு மாசத்துல எலும்பும் தோலுமாத் திருப்பி அனுப்பிட்டாங்க.” பிறகு என் சித்தப்பா பக்கம் திரும்பி, “அறந்தாங்கியில ஒரு வாத்தியாரு கேட்டுக்கிட்டு இருக்காக...” என்று இழுத்தார்.

அந்த ‘இழுப்பு’ எனக்குப் புரிந்தது. உள்கதவின் பின்னால் ஒரு வளையல் அசைந்ததும் கேட்டது. அவசரமாக, “எழுபதோட பஞ்சப்படி நாற்பது உண்டுங்க,” என்றேன்.

இதில் பொய் ஏதும் இல்லை. விலைவாசி ஏறிப்போனதற்காகச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் ரூபாய்க்குப் பஞ்சப்படி என்று பெயர். ஆபீசில் பியூன் முதல் மானேஜர் வரை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காலமெல்லாம் மரக்காலும் படியுமாகப் புழங்குகிற மனிதர் காதில் அது எப்படி விழும்? அதுவும் அரிசிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம்! ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு ஊரே வரிசையில் நின்ற காலம்!

“நாப்பது படியா?” என்றார்.

“ஆமாங்க.”

“மாசாமாசமா?”

“மாசாமாசம்.”

இதுவரைக்கும் நான் யோக்கியன். சத்தியமாக, அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கேள்வியில்தான் தெரிந்தது.

“புழுங்கலா, பச்சரிசியா?”

எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அந்த ஒரு மூச்சில், ‘இல்லைங்க, அது அரிசி இல்லை, ரூபாய்’ என்று சொல்லியிருக்கலாமா, கூடாதா? சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வளையல்... அந்த அறந்தாங்கி வாத்தியார்...

“புழுங்கல்,” என்றேன்.

ஒரே சொல். என் ஆயுளில் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுதான். அது அரிசியாகப் போய்விட்டது.

“ரூபாயைத் திங்க முடியுமா? படி குடுக்குற உத்தியோகம்தான்யா உத்தியோகம்,” என்று அவர் எழுந்தார். “ஆத்தா செல்லம்மா, காப்பி கொண்டா.”

கல்யாணம் முடிந்து செல்லம்மா மதராஸ் வந்தாள். திருவல்லிக்கேணியில் ஓர் ஒட்டுக்குடித்தனம். ஓர் அறை, எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். வந்த அன்றே மூலையைப் பெருக்கி, நாலு செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டாள். எதற்கென்று கேட்டேன். “அரிசி மூட்டை ஓதம் ஏறாம இருக்கணும்ல,” என்றாள்.

ஒன்றாம் தேதி மாலை கையில் ஒரு கவரோடு வீடு வந்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். வண்டி ஏதாவது வருகிறதா என்று!

உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு, “புழுங்கல்னு வேற சொன்னீங்களே,” என்றாள். சிரிப்பா, அழுகையா என்று இன்றுவரை எனக்கு விளங்காத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. “எங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

சொல்கிறேன் என்றேன். பொங்கலுக்குப் போகும்போது சொல்கிறேன் என்றேன். ஆடிக்குப் போகும்போது சொல்கிறேன் என்றேன். போனால் இலையில் சோற்றை வைத்துக்கொண்டே மாமனார், “எங்க வீட்டுச் சோறு சாதாரணந்தான் மாப்பிள்ளை, ஆபீசு அரிசி மாதிரி இருக்காது,” என்பார். அந்தச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

எழுபதும் நாற்பதும் நூற்றுப்பத்து. நல்ல சம்பளம்தானே என்பீர்கள். புதுக்கோட்டைக் கடைவீதியில் நின்று கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மதராஸில் பல் விளக்க வேப்பங்குச்சிக்குக் காசு. கறிவேப்பிலைக்குக் காசு. விறகுச் சுள்ளிக்குக் காசு. ஊரில் கையை நீட்டினால் வருவதற்கெல்லாம் இங்கே பையைத் திறக்க வேண்டும். இருபதாம் தேதிக்குமேல் எங்கள் வீட்டில் ரசம் மட்டும் தைரியமாக இருக்கும்.

வருஷங்கள் ஓடின. கண்ட்ரோலையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் இலுப்பூரில் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டது. மாசக் கடைசியில் மாமனார் மதராஸ் வந்து இறங்கினார். சைக்கிளில் அவர் பையை மாட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் அக்குளிலிருந்து இரண்டு வெறும் கோணிகளை எடுத்து, மடிப்புக் கலையாமல் அந்தப் பலகைமேல் வைத்தார். பலகையில் எங்கள் டிரங்குப் பெட்டிதான் இருந்தது.

“ரெண்டு பேருக்கு நாப்பது படி எதுக்கு மாப்பிள்ளை? மிச்சம் கெடக்கும்ல. இந்த வருஷம் வீட்டுல கொஞ்சம் தட்டுப்பாடு.” ஜன்மத்தில் யாரிடமும் கையேந்தாத மனுஷர். சொல்லும்போது கூரையைப் பார்த்தார்.

“இந்த மாசத்து அரிசி தீர்ந்துருச்சு மாமா...”

“அதுக்கென்ன? ஒண்ணாந்தேதி வரைக்கும் இருந்து வாங்கிட்டே போறேன். தூக்கியார நானும் ஆபீசுக்கு வாரேன்.”

“வெளியாளை உள்ள விட மாட்டாங்க மாமா.”

இருந்த நாலு நாளும் அவர் செல்லம்மாவோடு கடைக்குப் போய்வந்தார். ஒருநாள் திரும்பி வந்து, “எலைக்குமா காசு கேக்குறான்?” என்றார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, “மாப்பிள்ளை, சம்பளத்தை இந்த ஊருக்குத்தான் குடுக்குறாங்க. போற வழியில ஒங்களைத் தொட்டுப் பாத்துக்கச் சொல்றாங்க, அம்புட்டுத்தான்,” என்றார். மனிதர்கள் சொல்வதையெல்லாம் மனசில் சேர்த்து வைப்பவன் நான். இதைப் போல் ஒன்று அதற்குமுன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒன்றாம் தேதி என்ன செய்தேன் தெரியுமா? சைக்கிளை விற்றேன்! கடையில் போய், “நல்ல அரிசியா நாற்பது படி போடுங்க,” என்றேன். அவன் மூட்டையாகத் தைத்துக் கொடுத்தான். பிரித்துக்கூடப் பார்க்காமல் கைவண்டியில் வைத்து, ஆபீசிலிருந்து வருபவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

மாமனார் தையலை லேசாக நெகிழ்த்தி, இரண்டு மணி அரிசியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார்.

“பச்சரிசியாவுல்ல இருக்கு.”

“இந்த மாசம்... மாத்திப் போட்டுட்டாங்க மாமா.”

“ஆபீசுல எல்லாரும் மாவு இடிக்கப் போறாங்களாக்கும்.” அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, சுவரோரம் சைக்கிள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். “வண்டி எங்க?”

“ரிப்பேருக்கு விட்டிருக்கேன்.”

“அரிசியை ஒங்க கோணிக்கு மாத்திரட்டுமாப்பா?” என்றாள் செல்லம்மா. “வேண்டாம்த்தா, அதுலயே இருக்கட்டும்,” என்றார். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சம்பளம் இருமுறை ஏறியது. படியும் ஏறியது. மாமனார் இன்றும் இலுப்பூரில்தான் இருக்கிறார். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருமுறை கடிதம் எழுதி, தபால்பெட்டி வரை போய், திரும்பக் கொண்டுவந்து கிழித்தேன். என்ன எழுதுவது? ‘புழுங்கல் இல்லை’ என்றா? அவருக்குத் தெரியாததா அது?

தெரிந்துதான் இருந்தது! அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அன்று எழும்பூரில் வண்டி ஊதும் நேரத்தில், அத்தனையும் தெரிந்துகொண்டு, என்னை வாசலில் வைத்துக்கொண்டே அந்தக் காரைக்குடிக்காரரிடம் நாற்பது படிக் கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்தார். காரைக்குடிக்காரர், “குடுத்து வச்சவக நீங்க,” என்றார். “ஆமாங்க,” என்றார் என் மாமனார். எழுந்து வாசலுக்கு வந்தார். தன் வெறும் கோணிகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, நான் ஏற்றி வைத்திருந்த அந்த அரிசி மூட்டையை இரண்டு கையாலும் நெட்டிப் பிளாட்பாரத்தில் என் காலடியில் தள்ளிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.