கறை எடுப்பவனின் களிம்பு

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குக் கறை எடுக்கிற வேலை. தைத்து வரும் பனியனில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்பிரேயால் மருந்தடித்துப் போக்க வேண்டும். போகவே போகாது என்றால் பனியனைக் கழித்துவிடுவோம். அவசரத்தில் அடித்தால் பொட்டு மறைந்துவிடும். காய்ந்ததும் அதே இடத்தில் பெரிய வட்டமாகத் தெரியும். “கண்ணுக்குத் தெரியலீன்னா போயிருச்சுன்னு அர்த்தமில்லீங்க” என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கும் மேதாவி நான்.

அந்த மேதாவிக்குப் போன கோடையில், சொல்லக் கூசுகிற இடத்தில் படர்தாமரை வந்தது. டாக்டரிடம் காட்ட வெட்கம். மெடிக்கலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், “அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்க” என்று ஒரு டியூப் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நானும் நிறுத்தினேன். பத்து நாளில் வட்டம் பெரிதாகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினேன். மாதக்கணக்கில் இதே கூத்து. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். நான் விழுந்ததோடு நிற்காமல் உள்ளேயே குடித்தனமும் நடத்தினேன்.

பிறகு என் ஐந்து வயது மகளின் கன்னத்தில் ஒரு வட்டம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு. “டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க” என்றாள் மனைவி. “எதுக்கு? எங்கிட்டயே மருந்து இருக்குது” என்று என் டியூபை எடுத்து நானே பூசினேன். மறைந்தது, வந்தது, பூசினேன். கடைசியில் வட்டம் காதுவரை பரவியது. கன்னத்துத் தோல் மெலிந்து, சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரிந்தன. அன்றைக்குத்தான் பயந்துபோய் ஓடினேன்.

தோல் டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் படித்தார். “இதுல பூஞ்சைக்கு, கிருமிக்கு மருந்தோட ஸ்டீராய்டும் கலந்திருக்குதுங்க. அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிரும். பூஞ்சை பாட்டுக்குப் பரவிட்டே இருக்கும். டாக்டர் சொல்லாம இதைப் பூசக் கூடாது, அதுவும் குழந்தை மூஞ்சியில!”

ஸ்டீராய்டு இல்லாத மருந்து எழுதினார். “பழசை விட்டதும் கொஞ்ச நாள் சிவக்கும், அரிக்கும். பயந்துட்டு மறுபடி அதை எடுத்துராதீங்க, எங்கிட்ட வாங்க. புது மருந்தை, வட்டம் மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் பூசோணும். நீங்களும் வைத்தியம் பண்ணிக்கோங்க. துண்டு ஆளுக்கொண்ணு.” தோல் பழையபடி ஆகுமா என்று கேட்டேன். “தேறும். முழுசா ஆகுமான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க” என்றார்.

திரும்பும்போது மகள் வண்டிக் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா, உங்க துப்பாக்கில அடிச்சா இது போயிருமுங்களா?”

“அது துணிக்கு மட்டுந்தான் கண்ணு.”

“துணியிலயே போகலீன்னா என்ன பண்ணுவீங்க?”

பாடம் எடுக்கிற மேதாவி நான், ‘கழிச்சிருவோம்’ என்பதை விழுங்கிவிட்டு, ஆளுக்கொரு துண்டு வாங்க வண்டியைத் துணிக்கடைப் பக்கம் திருப்பினேன்.