அண்ணன் காரை மாற்றிய காரணம்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிச் செல்லும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அண்ணனைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் அம்மா. அவருக்கு எழுத வராது என்பதால் பேனா என்னிடம் வந்தது.

அண்ணன் பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தார். எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்த அப்பா, நாங்கள் பள்ளியில் இருந்தபோதே காலமானார். அம்மா களைக்கு மருந்தடிக்கப் போய் எங்களை வளர்த்தார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு நீலாயில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர் கடைசிவரை செய்துகொள்ளவில்லை. ஓவர்டைம் என்றால் முதல் ஆளாகக் கை தூக்குவார். கோபம் வந்தால் பேசமாட்டார். சோற்றுத் தட்டை மட்டும் கொஞ்சம் பலமாக வைப்பார்.

தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு நீலக் கார்தான். இரண்டே கதவு, டர்போ எஞ்சின், தரையோடு தரையாகப் போகும் ஜப்பான் கார். இன்னொருவர் ஓட்டிய கார்தான் என்றாலும், தோட்டத்து முனையில் திரும்பும்போதே அது வருவது எல்லா வீட்டுக்கும் கேட்டுவிடும். முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று பாதித் தோட்டம் கூடியது. மீதிப் பாதி, அந்தக் கார் நம்பரில் லாட்டரி எடுக்க நம்பர் கடைக்குப் போயிருந்தது. நம்பர் விழவில்லை என்று அண்ணனைத் திட்டியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதன்பிறகு எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பெண் ஏறும் கார் அண்ணனுடையதுதான்.

அப்படிப்பட்ட காரை ஒருநாள் கொடுத்துவிட்டு, விலை குறைந்த சின்ன வெள்ளைக் கார் ஒன்றை எடுத்து வந்தார். ஏன் என்று போனில் கேட்டேன். “மாசம் கட்ட முடியலடா, கொடுத்து மாத்திட்டேன்,” என்றார்.

புதுக் காருக்கு அவர் கோயிலில் பூசை போடவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. பூசை போடாவிட்டால் அது சொந்தக் காராக இருக்காது, தவணை கட்டாததால் நீலக் காரை பேங்க் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று தோட்டமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. காரை பேங்க் இழுத்த வீடு என்றால் நம்மவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில், எல்லார் முன்னாலும் மாமா ஒருவர் கேட்டார்.

“என்னப்பா, கார பேங்க்காரன் இழுத்துட்டானாமே?”

“ஆமா மாமா, இழுத்துட்டான்லா,” என்றார் அண்ணன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

பந்தியே சிரித்தது. வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“மாத்துனேன்னு சொல்ல வேண்டியதுதானேண்ணே? நம்ம மானம் போகுது.”

“போனா போகட்டும், விடுடா.”

சின்னக் காரை மண்டப வாசலில் நிறுத்தாமல் இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார். அவருக்கும் வெட்கம் இருந்தது. இல்லை என்று நான் பொய் எழுத மாட்டேன். அதில் ஏற எனக்கும் வெட்கம். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்தக் காரை அவர் அதிக நாள் ஓட்டவில்லை. வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். ‘வரவுக்கு மீறி ஆசைப்பட்டது ஒன்றே அண்ணனிடம் இருந்த குறை’ என்று அதில் ஒரு வரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அத அடிச்சிடு,” என்றார் அம்மா. “அவன் மாசம் தவறாமத்தான் கட்டுனான். என்னாலதான் மாத்துனான்.”

அம்மாவுக்குக் காலில் வீக்கம். சிறுநீர் அதிகம் போவதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் சிரம்பானில் ஆஸ்பத்திரி வாசலில், நீலக் காரின் பள்ளம்போல் இருக்கும் சீட்டிலிருந்து அம்மாவால் எழ முடியவில்லை. பின்னால் கார்கள் ஹார்ன் அடிக்கின்றன. அண்ணன் இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிறார். அதற்குள் அம்மாவின் புடவை நனைந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணன் தன் சட்டையைக் கழற்றி அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, பனியனோடு உள்ளே அழைத்துப் போனாராம். திரும்பும் வழியில் அம்மா அழுதுகொண்டே, “யார்கிட்டயும் சொல்லாதப்பா, தம்பிகிட்டகூட,” என்றிருக்கிறார். அந்த வாரமே நீலக் கார் போய்விட்டது. சின்னக் காரில் அம்மா தானே கதவைத் திறந்து இறங்கினார்.

கோயிலில் பூசை போட்டால் கூட்டம் கூடும், ஏன் மாற்றினாய் என்று கேட்கும். அதனால்தான் போடவில்லை. எனக்குச் சொன்ன காரணத்தை நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். அம்மா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்வருகிறார் என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. இதை எழுதும்போது உங்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் போன அன்று பந்தல் போட்டு, சமைத்து, தேவாரம் பாடி, எங்களோடு விழித்திருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொழிற்சாலை நண்பர்களுக்கும், நான் வேலையில் இருக்கும் நாள்களில் அம்மாவைச் சிரம்பானுக்கு அழைத்துப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. பந்தியில் அப்படிக் கேட்ட மாமாதான் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டேன்.

“ஆஸ்பத்திரி வாசல்ல நடந்தத எடுத்துடவாம்மா? எல்லாரும் படிப்பாங்க.”

“படிக்கட்டும்,” என்றார் அம்மா. “அந்தக் கல்யாணத்துல அவன பார்த்து எல்லாரும் சிரிச்சப்ப, நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். வாயத் தொறக்கல.”