வௌவாலுக்கு வைத்த அத்தி

ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வழியில் எங்கள் பேருந்தின் இன்ஜின் சூடேறி நின்றுவிடுகிறது. பொழுது சாய்கிறது. சாலையோரச் சாமை வயலின் வரப்பில் காஞ்சனா என்ற பெண் இலுப்பைக் கன்று நடுகிறார். எதற்கு என்று கேட்கிறேன்.

“வௌவாலுக்குங்க. மாம்பழத்த தின்னுதுன்னு எங்க வூட்டுக்காரு தோப்புல வலை கட்னாரு. குட்டியோட ஒண்ணு மாட்டி செத்துப்போச்சு. மனசு கேக்காம வலைய அவரே அறுத்துட்டாரு. அதுங்களுக்குன்னே முன்னாடியே அதோ அந்த வரப்போரத்து அத்திய வெச்சோம். இப்பத்தான் மொத மொதல்ல பழுத்திருக்கு.”

“வருமா?”

“இன்னான்னு சொல்றது? வந்தாதான் தெரியும்.”

பள்ளத்தாக்கின் ஆலமரங்களிலிருந்து வௌவால்கள் எழுகின்றன. முதலில் நாலைந்து, பிறகு வானமே கறுக்கும் அளவுக்கு. தலைக்கு மேலே சிறகுகள் துணியை உதறுவது போல அடிக்கின்றன. பயணிகள் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறோம். கூட்டம் எங்களைக் கடந்து போகிறது. காஞ்சனாவின் முகம் வாடுகிறது.

அப்போது ஒன்று மட்டும் திரும்பி, வட்டமிட்டு, அத்திக் கிளையில் தொங்குகிறது. கிளை தாழ்கிறது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் ஒரு கூட்டம். மரம் முழுக்கச் சிறகுகள்.

கிளம்பலாம் என்று ஓட்டுநர் குரல் கொடுக்கிறார். காஞ்சனா மண் அப்பிய கையை உயர்த்துகிறார்.

“கத்தாதீங்கண்ணா. சாப்புடுதுங்க.”