ரோடு திறந்திருக்கா, மேடம்?

நேரில் பார்த்தே இராத ஒரு சாலையைப் பற்றி, ‘திறந்திருக்கிறது’ அல்லது ‘மூடியிருக்கிறது’ என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வதுதான் என் தொழில்.

சண்டை நின்றும் நிற்காமலும் இருக்கிற ஒரு நாட்டில், ஒரு மலையூரையும் ஒரு துறைமுக ஊரையும் இணைக்கிற சாலை அது. வழியில் ஏழு கண்காணிப்புப் போஸ்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆயுதம் இல்லாத இரண்டு பார்வையாளர்கள், ஒரு பைனாகுலர், ஒரு சாட்டிலைட் போன். அவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்து, மாவும் மருந்தும் ஏற்றிப் போகிற லாரிகளுக்குச் சொல்லும் மேசை மட்டும் சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில், ஒரு பூக்கடையின் மாடியில் இருக்கிறது. அங்கே கரண்ட் போனால் எல்லாம் போய்விடும், இங்கே போகாது. காரணம் அவ்வளவுதான். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால், வெளியே போனவர் போன் எடுக்கவில்லையே என்று கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த வேலையைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஆட்கள்தான்.

பின்னால் வரும் பஸ்

இதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பஸ் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் பாத்ரூம் போனார், எந்த ரோட்டில் மரம் விழுந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த அனுபவத்தை நம்பித்தான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்காணல் செய்தவர் மிஸ்டர் லிம், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “டிரைவர் பதில் சொல்லவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஒரு நிமிடம் விட்டு மறுபடி கூப்பிடுவேன், அப்போதும் பதில் இல்லையென்றால் அவருக்குப் பின்னால் வருகிற பஸ்ஸைக் கூப்பிட்டு, முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்பேன் என்றேன். மிஸ்டர் லிம் கையை நீட்டினார்.

“இங்கே பின்னால் பஸ் வராது, பரிமளா. மற்றபடி வேலை அதேதான்.”

முட்டைக்காரர்

நாலாம் போஸ்ட்டில் இருந்தவர் செல்வராஜ். கமுதிப் பக்கத்துக்காரர், இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஏழு போஸ்ட்டுகளில் தமிழ் பேசுகிற ஒரே ஆள். முதல் வாரம் ‘மேடம்’ என்றார், இரண்டாம் வாரம் ‘தங்கச்சி’ என்றார். அவர்களுக்கு விடிகிறபோது இங்கே பதினொரு மணி. நான் கோப்பியோடு உட்கார்ந்து ஒவ்வொரு போஸ்ட்டாகக் கூப்பிடுவேன். படிவத்தில் நான் பெரும்பாலும் எழுதுவது ‘சிறப்பாக ஒன்றுமில்லை’.

ஒரு நாள் செல்வராஜ் அண்ணன், “இன்னிக்கு முட்டைக்காரர் வரல” என்றார். சைக்கிளில் முட்டை கட்டிக்கொண்டு தினம் அந்த வழியே போகிற ஒரு பெரியவர். அவருக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் வழக்கமான வரியையே எழுதினேன். மறுநாளும் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தண்ணீர் லாரி டிரைவர், சிறு பாலத்துக்குக் கீழே புதிதாக மண் கிளறியிருப்பதைப் பார்த்து வண்டியைப் பின்னாலேயே எடுத்துவிட்டார். தோண்டிப் பார்த்தபோது கண்ணிவெடி. இரண்டு நாளாக நான் ‘திறந்திருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிய லாரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முட்டைக்காரருக்கு யாரோ காதில் போட்டிருக்கிறார்கள், அவர் வேறு வழியாகப் போயிருக்கிறார்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. அதுவே திட்டினது மாதிரிதான் இருந்தது.

“விடுங்க தங்கச்சி. நாளைலேருந்து நான் என்ன சொல்றேனோ அதை எழுதுங்க, காய்ச்சலான்னு நான் விசாரிச்சுக்கிறேன்.”

டிரம்

இரண்டு தரப்புக்கும் நடுவே எல்லைக்கு அடையாளமாக ஒரு தார் டிரம் வைத்திருந்தார்கள். அது தினம் இரண்டு அடி நகர்ந்தது. காலையில் ஒரு தரப்பின் தொடர்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அவர்கள் தள்ளிவிட்டார்கள் என்பார். சாயங்காலம் அடுத்த தரப்பு அதிகாரி கூப்பிட்டு, இவர்கள் இழுத்துவிட்டார்கள் என்பார். மூன்றாம் போஸ்ட் ஆட்கள் டேப் வைத்து அளந்து சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். தரையில் வெள்ளைக் கோடு போட்டோம். மறுநாள் கோடும் நகர்ந்திருந்தது.

கடைசியில் நானே பொறுமை இழந்து, இரண்டு அடி மண்ணை வைத்துக்கொண்டு என்னதான் செய்யப் போகிறீர்கள் என்று வடதரப்பு அதிகாரியிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என் தம்பியின் வயதிருக்கும், குரலில் அத்தனை களைப்பு.

“என் பையன்கள் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், மேடம். டிரம்மைத் தள்ளுகிற வரைக்கும் அவர்கள் சுடமாட்டார்கள்.”

அதன் பிறகு டிரம் பற்றிய புகாரை நான் சலித்துக்கொள்ளாமல் எழுதிக்கொண்டேன்.

ஒரே ஸ்டேஷன்

இந்த வேலையின் வியாதி வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் வீடு மார்சிலிங்கில். மகள் நித்யா உட்லண்ட்ஸில் வேலை பார்க்கிறாள். கிளம்பும்போது ஒரு மெசேஜ், ரயில் ஏறினதும் ஒரு மெசேஜ், இறங்கினதும் ஒன்று என்று அவளைப் பழக்கியிருந்தேன். பழக்கியிருந்தேன் என்றா சொன்னேன்? படுத்தியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் ‘இறங்கிட்டேன்’ வரவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். கூட வேலை பார்க்கிற பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டு படியிறங்கி வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“அம்மா, உட்லண்ட்ஸ்லேருந்து மார்சிலிங் ஒரே ஸ்டேஷன் லா. நடுவுல எந்தப் போஸ்ட்டும் இல்ல.”

இரண்டு மணி பத்து நிமிடம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றைக்கு ஐந்தாம் போஸ்ட் பேசவில்லை. ஒரு அழைப்பு தவறுவது சகஜம். இரண்டாவதும் தவறினால் சாலையை மூட வேண்டும் என்பது விதி. மூன்று நாளைக்கு முன்னால்தான் அந்தப் பக்கம் இரண்டு குண்டுகள் விழுந்திருந்தன. மூடினேன். நாலாம் போஸ்ட்டில் செல்வராஜ் அண்ணனைக் கேட்டேன். “கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணும் தெரியல” என்றார். நடுவில் சாலை வளைகிறது. அங்கிருந்தும் சரி, ஆறாம் போஸ்ட்டிலிருந்தும் சரி, ஐந்தாம் போஸ்ட் தெரியாது.

ஆறாம் போஸ்ட்டின் தடைக்கட்டைக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் இத்ரிஸ், தினம் மாவு மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை இங்கிலீஷில் தினம் என்னிடம் ரோடு கேட்கிறவர். அன்று மூட்டை ஏற்றவில்லை. பின்னால் மெத்தை விரித்து மனைவியைப் படுக்க வைத்திருந்தார். எட்டாம் மாதம், இரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி துறைமுக ஊரில்தான்.

எங்கள் விதிப் புத்தகத்தில் கடைசியாக ஒரு வரி உண்டு. அவசரத்தில் பணியில் இருப்பவர் தன் அறிவுக்கு எட்டியபடி முடிவெடுக்கலாம். அந்த வரியை எழுதியவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். அன்று அவரை நான் எப்படிச் சபித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மிஸ்டர் லிம் குவீன்ஸ்டவுனில் பல் டாக்டரின் நாற்காலியில் இருந்தார். மரத்துப்போன வாயோடு, “நான் என்ன சொன்னாலும் உங்களைவிடக் குறைவாகத் தெரிந்துகொண்டுதான் சொல்வேன்” என்றார். உண்மைதான். நான் திறக்கச் சொல்லி, வளைவுக்கு அப்பால் ஏதாவது இருந்தால் லாரியில் இரண்டு உயிர், வயிற்றில் ஒன்று. மூடியே வைத்தேன். இத்ரிஸ் நாலு தடவை கூப்பிட்டார். மூன்று தடவை கெஞ்சினார். நாலாவது தடவை அவர் பேசவில்லை, பின்னால் அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து ஐந்தாம் போஸ்ட் பேசியது. நல்ல உற்சாகமான குரல், இங்கிலீஷில்.

“ஸாரி மேடம், பேட்டரி செத்துப்போச்சு. இங்க காலையிலேருந்து ஒண்ணுமே நடக்கல.”

பிரியாணி

தாய் பிழைத்துவிட்டார். குழந்தை இறந்தே பிறந்தது. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. மறுநாள் மிஸ்டர் லிம் என் பதிவேட்டைப் படித்துப் பார்த்து, எல்லாம் முறைப்படி இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மேசை ரஷீதா முந்தின நாள் விடுப்பில் இருந்தாள். அவள் குடும்பம் நாலு தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறது, எங்கே நல்ல சாப்பாடு என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. என்னைத் தேக்கா சந்தைக்கு இழுத்துப்போய் பிரியாணி வாங்கி வைத்தாள். ராஜினாமாக் கடிதம் பையில் இருக்கிறது என்றேன். “நீ இருந்திருந்தா திறந்திருப்பியா?” என்று கேட்டேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தாள்.

“தெரியாதுக்கா. நேத்து லீவு போட்டதுக்கு அல்லாவுக்கு நன்றி சொன்னேன், அது மட்டும்தான் தெரியும்.”

மறுபடியும் இத்ரிஸ்

கடிதம் பையிலேயே கிடந்தது. பத்தொன்பது நாள் இத்ரிஸ் கூப்பிடவில்லை. வேறு டிரைவர் அந்த லாரியை ஓட்டினார். இருபதாம் நாள் திரையில் அவர் எண் வந்தது. ரஷீதா எடுக்கட்டுமா என்று சைகை காட்டினாள். நானே எடுத்தேன்.

“ரோடு திறந்திருக்கா, மேடம்?” என்றார், வழக்கம்போல. திறந்திருக்கிறது என்றேன். வருத்தமாக இருக்கிறது என்பதைச் சொல்ல எங்கள் இரண்டு பேரின் இங்கிலீஷும் போதாது. ஆனாலும் சொன்னேன். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எழுந்து நடக்கிறாள் என்றார். எஞ்சினைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவர் சொன்னது தமிழில் இப்படித்தான் வரும்:

“அன்றைக்கு மூடியிருக்கு என்றீர்கள். இன்றைக்குத் திறந்திருக்கு என்கிறீர்கள். அதை நம்பாவிட்டால் இதை எப்படி நம்பி ஓட்டுவேன்?”

வளைவு

செல்வராஜ் அண்ணனின் ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் எட்டு மணி நேரம் இறங்கினார். குரலை வைத்து நெடுநெடுவென்று ஓர் ஆளை நினைத்திருந்தேன். என் தோளுக்கு வந்தார். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். மனைவிக்குக் கைக்கடிகாரம் வாங்க வேண்டும் என்றார். தோசை வந்தது, அதை அவர் தொடவில்லை.

“அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்” என்று ஆரம்பித்தார். என்னிடம் பேசி முடித்ததும், கூட இருந்தவரைப் போஸ்ட்டில் விட்டுவிட்டு, ஐந்தாம் போஸ்ட்டைப் பார்த்து வரத் தனியாக நடந்திருக்கிறார். விதிப்படி கூடாது. சொன்னால் நான் எழுத வேண்டியிருக்கும் என்பதால் சொல்லவில்லை. பாதி தூரம் போனதும் சாலை ஓரத்தில் ஒரு நாய் செத்துக் கிடந்திருக்கிறது. எதனால் செத்தது என்று தெரியவில்லை. திரும்பிவிட்டார். “வளைவு எதிர்லயே இருந்துச்சு. அதைத் தாண்டியிருந்தா அஞ்சாம் போஸ்ட்டுக் கொடி தெரிஞ்சிருக்கும். இருபத்தி ரெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவன், ஒரு நாயைப் பார்த்துத் திரும்பிட்டேன்.”

இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை அண்ணே, ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள், சாப்பிடுங்கள் என்றேன். பழைய நாளின் பதிவில் சேர்த்து எழுத ஒரு படிவம் இருக்கிறது அல்லவா, அதைக் கேட்டார். என் பையில் அது எப்போதும் ஒன்று இருக்கும். வேண்டாம் என்று நான் மறுபடி சொன்னபோது, தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“எழுதிக்கிறேன் தங்கச்சி. அந்த ரெண்டு மணி நேரத்துல பாதி என்னோடது, மொத்தத்தையும் நீங்களே வச்சுக்க முடியாது.”

இந்த வருட மதிப்பீட்டில் நான் ‘வேலைக்கு மிகவும் பொருத்தமானவர்’ என்று எழுதியிருக்கிறார்கள், தடைக்கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவரையும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.