இது யார் போட்ட மெட்டு?

போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தோம்.

வேண்டுமென்று செய்யவில்லை. முழு யூனிபாரத்தில், கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம் சகிதம், மரியாதையாகத்தான் செய்தோம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் செட்டைத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் இருந்து ஊர் ஊராகப் போய் வாசிக்கிற பேண்டு வாத்திய செட் எங்களுடையது. கல்யாணம், கோயில் திருவிழா, சாவு – மூன்றுக்கும் போவோம். செட்டுக்கு ஒரு பெயர் உண்டு. பெரிய டிரம்மின் தோலில் பெயின்டால் அதை எழுதியவன் நான். செட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். என் வீட்டிலும் நான் ஒருவன்தான். ஆகையால் எழுத்து, லெட்டர், கவர்மென்ட் பாஷை எல்லாம் என் தலையில். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை ஒருவரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. "திண்டுக்கல்லு செட்டு வந்துருச்சா?" என்பார்கள். திண்டுக்கல்லில் எத்தனையோ செட் இருக்கிறதே? அது அவர்கள் கவலையா என்ன...

நான் சைடு டிரம். பாட்டின் வேகம் என் இரண்டு குச்சிகளில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். என்னைத் திட்டுவதற்கு உதவும்.

எங்கள் ஊர்வலமெல்லாம் பஸ்ஸில்தான். பெரிய டிரம் உள்ளே நுழையாது. மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். மழை வந்தால் எங்கள் தார்ப்பாய் அதற்கு. நாங்கள் நனைவோம். வளைந்து நெளிந்த அந்தப் பெரிய பித்தளை வாத்தியம் மட்டும் மடியில் உட்கார்ந்து வரும். ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மா அதையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டு அரிசி வேகும் தம்பி?" என்று கேட்டார். பெரிய டிரம் அடிக்கும் இன்னாசி அண்ணன் உடனே, "அரிசி வேகாதுத்தா. அடிப்பிடிக்கும்," என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

போகிற ஊரில் பள்ளிக்கூட வராந்தாவோ நெல் களமோ கிடைக்கும். சிவப்புக் கோட்டு. கழுத்து வரை பித்தான். சித்திரை வெயில். இதற்கு மேல் வர்ணிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாஸ்டர் ஆரோக்கியம். கிளாரினெட். வாசிப்பு இல்லாத நாட்களில் பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிறவர். பேச்சு குறைவு. அப்படி அரம் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு மெட்டு வந்திருக்கிறது. சினிமாவில் வந்ததில்லை. கோயிலில் பாடுவதில்லை. வேறு செட் எதுவும் வாசித்ததில்லை. அவருடைய சொந்த மெட்டு. ஒரு மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். எங்கே யார் மூச்சு வாங்குவது என்பது வரை.

சொல்லிக்கொடுத்து? அதை வாசிப்பது எங்கே?

கல்யாண வீட்டுக்காரர் கையில் லிஸ்ட்டோடு நிற்பார். முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை சினிமா. போன வாரம் வந்த பாட்டு தெரியாது என்றால் செட் மட்டம். திருவிழா என்றால் கோயில் பாட்டு. மாஸ்டரின் மெட்டு இரண்டு வருஷமாக எங்களோடு பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தது.

நாலு மாசத்துக்கு முன்னால்தான் அதற்கு வேளை வந்தது. சிறுமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். ஒரு பெரியவர் காலமாகியிருந்தார். அவருடைய மகன் எங்களைப் பந்தலுக்கு வெளியே அழைத்துவந்து சொன்னார்: "எங்கய்யாவுக்கு சினிமான்னாலே ஆகாது. கொட்டகை இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டாரு. அதனால சினிமாப் பாட்டு மட்டும் வேணாம். வேற எதுனாலும் வாசிங்க."

வேற எதுனாலும். மாஸ்டர் திரும்பி எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் இருந்து மாதா கோயில், கோயிலில் இருந்து கல்லறை. வழி முழுக்க மெதுவாக, ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டாக வாசித்துக்கொண்டு போனோம். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சும்மா நின்றவர்கள் அழுதார்கள். திரும்பும்போது பஸ் ஜன்னலைப் பார்த்து மாஸ்டர் சிரித்துக்கொண்டு வந்தார். சாவு வீட்டில் இருந்து வருகிறவர் சிரிக்கலாமா? கூடாதுதான். ஆனால் ஒன்று... யார் போட்ட மெட்டு என்று அங்கேயும் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம்.

பெண்ணின் அப்பா வெங்காயத் தோட்டக்காரர். அதிர்ந்து பேசாத மனுஷர். மாப்பிள்ளை வீட்டார் தனியாகப் பஸ் அமர்த்தி வந்து ஊர் எல்லையில் இறங்குவார்கள். நாங்கள் வாசித்து அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கோயிலில்தான் தாலி. லிஸ்ட்டில் இருந்த சினிமாப் பாட்டெல்லாம் தாலி கட்டின பிறகு வருகிற ஊர்வலத்துக்கு. எல்லையில் வாசிக்க? "நீங்களாப் பாத்து நல்லதா ஒண்ணு வாசிங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டார்.

நான் மாஸ்டர் காதில், "நம்ம மெட்டையே வாசிச்சுருவோம்," என்றேன்.

"அது சாவுக்கு வாசிச்சதுப்பா."

"அங்க மெதுவா வாசிச்சோம் மாஸ்டர். வேகத்தக் கூட்டுனா சோகம் போயிரும். நான் இழுத்துக்கிட்டுப் போறேன், நீங்க வாங்க."

"எஸ்ஸெல்சி சொன்னா சரியாத்தேன் இருக்கும்," என்றார் இன்னாசி அண்ணன். அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். "பரீட்சையில கேட்டுருப்பாக."

அந்தக் கிராமம் எங்கே, இது எங்கே? நடுவில் இரண்டு பஸ் மாற வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது?

வாசித்தோம். உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது. இரண்டு மடங்கு வேகத்தில் அதே மெட்டு துள்ளியது. பொடிசுகள் ஆட ஆரம்பித்தார்கள். பெண்ணின் அப்பா மாலையோடு முன்னால் வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பழத்தட்டு ஏந்தி இறங்கி வந்தார்கள்.

முதல் தட்டை வைத்திருந்தவர் மாப்பிள்ளையின் அண்ணி. நாலு அடி நடந்தார். நின்றார். தெரிந்த குரல் ஒன்று எங்கிருந்தோ கூப்பிட்டது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தட்டை ரோட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்தா, என்ன செய்யுது?" மாப்பிள்ளையின் அம்மா குனிந்தார்.

"எங்கய்யாவக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போனப்ப இவுக இதத்தான் அடிச்சாக, அத்த."

அந்தப் பெரியவரின் மகள். அடிவாரத்தில் பிறந்து இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். வேகத்தைக் கூட்டினால் அப்பாவின் சாவை மகள் மறந்துவிடுவாள் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

எங்கள் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெரிய டிரம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் டிரம்மைக் கட்டியிருக்கும் இன்னாசி அண்ணனுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். கத்தவில்லை. பின்னால் இருந்தவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம பஸ்ஸு நிக்கிதா, போயிருச்சா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வியின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் அப்பாவுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். எல்லை வரை வந்து மாப்பிள்ளை திரும்பிப்போன வீட்டில், அடுத்து யார் வந்து பெண் கேட்பார்கள்?

"சம்பந்தியம்மா, தெரியாம நடந்துபோச்சு..."

"எல்லையிலயே சாவு மோளம் வைக்கிறாக. இதுக்கு மேல என்ன தெரியணும்?"

அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மாஸ்டரிடம் வந்தார். உயரமான ஆள். கோபமாகத் தெரியவில்லை. விசாரித்துத் தீர்ப்பு சொல்லிப் பழகிய முகம்.

"மாஸ்டரு, மறைக்காமச் சொல்லணும். இது யாரு போட்ட மெட்டு?"

கேட்டுவிட்டார்கள் பாருங்கள். இரண்டு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். "எங்க மாஸ்டர் போட்டது" – பெருமையாகச் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால்? அந்தச் சாவு ஒன்றைத் தவிர உலகத்தில் வேறெங்கும் வாசித்திராத மெட்டு என்று ஆகியிருக்கும். பஸ் கிளம்பியிருக்கும்.

மாஸ்டர் என் கையை லேசாகத் தொட்டார். பெண்ணின் அப்பா கையில் இருந்த மாலையைப் பார்த்தார். கிளாரினெட்டின் வாயைக் கோட்டு நுனியால் துடைத்தார்.

"சினிமாப் பாட்டுங்கய்யா."

"சினிமாவா? என்ன படம்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். எழுத்து சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில் அல்லவா?

"இன்னும் நம்ம பக்கம் வரலீங்க," என்றேன். "மெட்ராசுல ஓடுது. கல்யாணம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் மாட்டு வண்டியில போறப்ப பாடுறது." மாட்டு வண்டி எங்கிருந்து வந்தது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

தாய்மாமன் முகம் தெளிந்தது. அக்கா பக்கம் திரும்பினார். "கல்யாணப் பாட்டாம்க்கா. இங்க சரியாத்தேன் வாசிச்சுருக்காக. அங்க சாவுலதேன் மாத்தி வாசிச்சுருக்காக."

தப்பு இடம் மாறிவிட்டது. கூட்டத்துக்கு மூச்சு வந்தது. ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. சொந்தமாகச் செய்த ஒன்றைக் கொண்டுபோனால் எந்த ஊர், யார் பிள்ளை, யாருக்கு முதலில் கொடுத்தாய் என்று குலம் கோத்திரம் விசாரிக்கிறோம். சினிமா என்றால் விசாரணை கிடையாது. அது எங்கே போனாலும் உறவுதான்.

எல்லோரும் நகர ஆரம்பித்தார்கள். அந்த அண்ணி மட்டும் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். முகத்தைத் துடைத்திருந்தார்.

"எங்கய்யா சினிமாவே பாத்ததில்ல. அவருக்குப் போயி சினிமாப் பாட்டா வாசிச்சீக? எங்கண்ணன் அம்புட்டுத் தூரம் சொல்லியுமா?"

இதற்கும் ஓர் உண்மையான பதில் இருந்தது. மாஸ்டரிடம் இருந்தது. கூட்டம் இன்னும் காது கேட்கும் தூரத்தில் இருந்தது.

"தப்புத்தாம்மா," என்றார் மாஸ்டர்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் கேட்டுக்கொண்டதால் ஊர்வலத்தில் அந்த "மாட்டு வண்டிப் பாட்டை" இன்னும் இரண்டு தடவை வாசித்தோம். லிஸ்ட்டில் இருந்த பாட்டுகளை யாரும் தேடவில்லை. திரும்பும் பஸ்ஸில் இன்னாசி அண்ணன், "படத்துக்கு ஒரு பேராச்சும் வச்சுருக்கலாம்ல, எஸ்ஸெல்சி," என்றார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் இருந்து திரும்பவில்லை.

ஒரு கல்யாணத்துக்காக ஒரு பொய். கணக்குப் பார்த்தால் நல்ல பொய்தான். ஆனால் அதில் இரண்டு பேர் பொருள் பறிபோயிருக்கிறது. மாஸ்டருக்கு அவர் மெட்டு. அந்த மகளுக்கு, அப்பாவைக் கௌரவமாக அனுப்பிவைத்தோம் என்ற நிம்மதி. முதலாவதையாவது மாஸ்டர் தானே கொடுத்தார். இரண்டாவதைக் கொடுக்க எங்களுக்கு என்ன பாத்தியதை?

"மாஸ்டர், தாலி ஏறியாச்சு. இனிமே யாரும் பஸ்ஸைத் திருப்ப முடியாது. உள்ளத எழுதிரட்டுமா?" என்று மறுநாள் பட்டறையில் கேட்டேன்.

அரத்தை நிறுத்தாமல், "எழுதேன். யாரு வாசிக்கப் போறா?" என்றார்.

அம்மா, நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். உங்கள் அய்யா சினிமாப் பாட்டோடு போகவில்லை. அது திண்டுக்கல் ஆரோக்கியம் மாஸ்டர் சொந்தமாகப் போட்ட மெட்டு. உங்கள் அய்யாவுக்கு முன்னால் அதை யாருக்கும் வாசித்ததில்லை.

நேற்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் அதே மெட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார். வடமதுரைப் பக்கத்து ஆள். பக்கத்தில் போய், "அண்ணே, இது சினிமாப் பாட்டு இல்ல. எங்க மாஸ்டர் போட்டது," என்று பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டே கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் படத்தையே பாத்துட்டேன் தம்பி," என்றார். "பாட்டுதேன் தேறும். கதை சரியில்ல."