மங்கிய இடது விளக்கு

1964. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருடம். அதை இப்போது வைத்திருக்கும் அம்மாள் பிறந்ததும் அதே வருடம்தான். “என்னைவிட அதுக்குத்தான் கவனிப்பு ஜாஸ்தி” என்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஒரு வருடமாகிறது.

மறுநாள் காலை வண்டிக்குத் தகுதிச் சோதனை. இடது முகப்பு விளக்கோ தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல மங்கிக் கிடந்தது. சோதனையில் தேறாவிட்டால் விற்றுவிடலாம் என்று தம்பியிடம் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லித் தொலைத்திருந்தார். தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாங்க ஒரு ஆளையும் பார்த்துவைத்துவிட்டார்.

“அதுக்குக் கண்ணு தெரியல, உனக்கு முட்டி மடங்கல. ரெண்டு பேரும் ரோட்டுக்குப் போய் என்னக்கா சாதிக்கப் போறீங்க?”

“வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடிடா.”

ஷெட்டுக்குள் பெட்ரோல் வாசனை. ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். முதலில் அம்மாள் இடது பல்பைக் கழற்றி வலப்பக்கம் போட்டார், வலது பல்பை இடப்பக்கம். வலப்பக்கம் பளிச்சென்றது, இடப்பக்கம் அதே அழுகை. ஆக, பல்பு மேல் குற்றமில்லை. பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தது.

இடது இண்டிகேட்டரைப் போட்டார். அது மினுக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த முகப்பு விளக்கும் சேர்ந்து துடித்தது.

“இது என்னக்கா, கூடவே தாளம் போடுது?”

அம்மாள் விளக்கின் பக்கம் குனிந்தார். எக்ஸ்சேஞ்சில் இப்படி எத்தனை கோளாறு பார்த்திருப்பார். லைன் போகும் வழியை ஆளாளுக்குத் தடவிப் பார்ப்பார்கள், திரும்பி வரும் வழியை யாரும் சீந்தமாட்டார்கள். காரில் அந்தத் திரும்பும் வழி தகர உடம்புதான். ஒரு நீள ஒயரை எடுத்து, விளக்கின் எர்த் முனையிலிருந்து நேராக பேட்டரியின் மைனஸில் வைத்தார். எதிர்ச் சுவரில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது.

அந்த வெளிச்சத்தை அவருக்குத் தெரியும். சாயங்கால ஷிஃப்ட் முடிந்து வாசலில் நிற்கும்போது தெருமுனையில் திரும்பி வரும். “உன் வீட்டுக்காரர் வர்றதுக்கு முன்னாடி அவரோட ரெண்டு கண்ணு வந்துடுதுடி” என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். தாமதமாக வந்தால் தூரத்திலேயே விளக்கைச் சிமிட்டி மன்னிப்புக் கேட்பார் அவர். வண்டியில் ஏறியதும் இவர் பேசமாட்டார். இரண்டாவது திருப்பம் வரைதான் அந்த வீம்பு தாங்கும்.

ஒயரை எடுத்துவிட்டு விளக்கின் கூட்டுக்குள் டார்ச் அடித்தார். எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டும் அதன் அடியிலிருந்த தகரமும் வெளிர் நீலமாக இருந்தன. ஓய்வுக்குப் பிறகு கணவர் தன் கையாலேயே வண்டிக்கு அடித்த பெயின்ட். யாரும் எட்டிப் பார்க்காத இடத்திலும் இரண்டு கோட்டிங். தகரத்தைத் தொட முடியாமல், போல்ட்டின் மரை வழியாக மட்டும் இத்தனை நாள் ஓடிய கரன்ட், இப்போது மரையில் துரு ஏறியதும் திணறுகிறது.

“மாமா ஒரு போல்ட்டைக்கூட விடலையே” என்றார் தம்பி.

“எதையும் அரைகுறையா விடமாட்டார். தொல்லையே அதுதான்.”

உப்புத்தாளை வைத்தவர் தேய்க்காமல் நின்றார். தூரிகை இழுத்த கோடுகள் பெயின்ட்டில் அப்படியே தெரிந்தன.

“நான் வேணா தேய்க்கட்டுமாக்கா?” தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

“நகரு. நீ தேய்ச்சா ஊரையே தேய்ச்சுடுவ.”

போல்ட் உட்காரும் அளவுக்கு மட்டும், ஒரு நாணயம் அகலத்துக்குத் தகரம் வெளுக்கும்வரை தேய்த்தார். விரல் நுனிகளில் நீலப் பொடி ஒட்டியது. மரையின் துருவைத் துடைத்து, ஒயரை முடுக்கி, ஸ்விட்சைப் போட்டார். இரண்டு வட்டங்களும் சுவரில் ஒரே வெளுப்பில் நின்றன.

தம்பி டார்ச்சை அணைத்தார். “வாங்கறதா சொன்ன ஆளுக்கு நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்.”

சோதனை காலை பத்து மணிக்கு. அம்மாள் ஓட்டுகிறார், தம்பி பக்கத்து சீட்டில்.